கிள்ளான் பள்ளத்தாக்கில் நினைவுக்கு ஓர் இடம்

வெளியூரிலிருந்து வரும் நண்பர்களை அழைத்துப் போகக் கோலாலம்பூரில் இடங்களுக்குப் பஞ்சமில்லை. இரட்டைக் கோபுரம், பத்துமலை, சுதந்திரச் சதுக்கம் என்று ஒரு நாளை ஓட்டிவிடலாம். வந்தவர் கொஞ்சம் வாசிப்பு உள்ளவராக இருந்து, "அதெல்லாம் சரிங்க, நம்மாளுங்க இங்க வந்து பாடுபட்ட கதைய எங்க போய்ப் பார்க்கிறது?" என்று கேட்டுவிட்டால்தான் தடுமாற்றம் தொடங்கும். சிங்கப்பூராக இருந்தால் 2015இல் லிட்டில் இந்தியாவில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தைக் கைகாட்டிவிடலாம். இங்கேயே ஸ்ரீ கெம்பாங்கானில், சீனச் சங்கங்களின் கூட்டமைப்பு 2018இல் தன் கட்டடத்திலேயே மலேசியச் சீனர்களுக்கான அரும்பொருளகம் ஒன்றைத் திறந்தது. தமிழர் வரலாற்றுக்கென்று கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த அளவில் ஒன்றும் இல்லை.

அரும்பொருளகம் இல்லை என்பதால் பார்க்க ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. இடங்கள் இருக்கின்றன. சிலவற்றின் மேல் பேரங்காடி நிற்கிறது, சிலவற்றின் மேல் விளையாட்டரங்கம். சில இடங்கள் கண்முன்னே அப்படியே இருந்தும், அவை என்ன என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை. அவற்றில் சிலவற்றுக்கு வாசகரை அழைத்துப் போவதுதான் இக்கட்டுரையின் நோக்கம். எது காப்பாற்றப்பட்டது, எது போனது, ஏன் அப்படி நடந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

தேசிய அரும்பொருளகமும் ரயில் யார்டும்

முதலில் முறைப்படி தேசிய அரும்பொருளகத்துக்கே போவோம். 1963 ஆகஸ்டு 31ஆம் தேதி திறக்கப்பட்ட கட்டடம். மினாங்கபாவ் பாணிக் கூரை. முகப்பின் இரு பக்கமும் செயோங் லாய் தோங் வடிவமைத்த பெரிய கண்ணாடிச் சில்லுச் சித்திரங்கள். அதே இடத்தில் முன்பு சிலாங்கூர் அரும்பொருளகம் இருந்தது. 1945 மார்ச் 10ஆம் தேதி நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் அதன் ஒரு பகுதி அழிந்தது. அருகிலிருந்த ரயில் யார்டுக்கு வைத்த குறி அது.

ரயில் யார்டு என்றால் பிரிக்பீல்ட்ஸ். பிரிக்பீல்ட்ஸ் என்றால் ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்கள். அரும்பொருளகத்தைத் தாக்கிய அந்தக் குண்டுகள் யாருடைய குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் விழுந்தன என்பதையும் நாம் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே நான்கு கூடங்கள். தொல்காலம், மலாய் அரசுகள், காலனிய காலம், இன்றைய மலேசியா என்று வரிசை போகிறது. காலனிய காலக் கூடத்தில் ஈயமும் ரப்பரும் வருகின்றன. அங்கே தமிழர்கள் பொருளாதாரத்தின் ஒரு பகுதியாக வருகிறார்கள். மரத்தைச் சீவிய கைகள் தெரிகின்றன. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் என்ன நினைத்தார், எதற்குக் கோபப்பட்டார் என்பதைச் சொல்ல அங்கே இடம் போதவில்லை. ஒரு நாட்டின் கதையை நான்கு கூடத்துக்குள் சொல்லும்போது இப்படித்தான் ஆகும். குறை சொல்லிப் பயனில்லை. மீதிக் கதையைத் தேடி நாம்தான் வெளியே வர வேண்டும்.

செங்கல் சூளையிலிருந்து

தேசிய அரும்பொருளகத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடந்து போகிற தூரம்தான். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கிய பிறகு, அத்தாப்புக் கூரையும் மரமுமாக இருந்த ஊரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் நிர்வாகம் முடிவெடுத்தது. செங்கல் சூளைகள் இருந்த பகுதி அதே பெயரைப் பெற்றது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவையும் இணைக்கும் ரயில் பாதை திறக்கப்பட்டது. தண்டவாளம் போட இந்தியத் தமிழர்கள் வந்தார்கள். நிலைய அதிகாரி, கணக்கர், எழுத்தர் வேலைகளுக்கு ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் வந்தார்கள். ஒரே ரயில்வே, ஒரே மொழி. ஆனால் இரண்டு உலகம்.

இந்த வேறுபாடு நம் நினைவிடங்களைப் புரிந்துகொள்ள முக்கியமானது. மாதச் சம்பளம் வாங்கியவர்களால் நிலம் வாங்க முடிந்தது, சங்கம் பதிவு செய்ய முடிந்தது, கல்லில் கட்ட முடிந்தது. ஸ்காட் சாலையில் இருக்கும் கந்தசுவாமி கோயில் இலங்கைச் சைவர்கள் எழுப்பியது. 1904இல் கட்டப்பட்ட விவேகானந்த ஆசிரமமும் அந்தச் சமூகத்தின் உழைப்புதான். தோட்டத்துத் தமிழர்களும் கோயில் கட்டினார்கள். ஆனால் அது தோட்ட முதலாளியின் நிலத்தில், பலகையும் தகரமுமாக. நிலம் கைமாறினால் கோயிலும் போய்விடும்.

பிரிக்பீல்ட்ஸில் இன்று இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்துப் பக்கத்திலேயே பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே, அரசு ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட வரிசை வீடுகளை ஊரில் எல்லோரும் 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்பார்கள். ஒரு நூற்றாண்டுக் குடும்ப வாழ்க்கை அதற்குள் இருந்தது. 2014இல் அவை இடிக்கப்பட்டன. அதே 2014இல் விவேகானந்த ஆசிரமம் இருந்த நிலத்தில் உயரமான குடியிருப்புக் கட்டடம் எழுப்பும் திட்டம் வெளியே தெரிந்தது. மக்கள் திரண்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள், வாசலில் நின்றார்கள். ஆசிரமத்தின் முகப்பும், முன்னால் நிற்கும் விவேகானந்தர் சிலையும் இன்றும் அங்கே இருக்கின்றன.

ஏன் ஒன்று தப்பியது, ஒன்று போனது? குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் வாடகைக்கு இருந்தவர்கள். வீடு அரசாங்கத்துடையது. ஓய்வு பெற்றதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆசிரமத்துக்கு ஒரு பெயர் இருந்தது, அதைச் சுற்றிப் பள்ளிக்கூடம் இருந்தது, அங்கே படித்த தலைமுறைகள் இருந்தன. கட்டடத்தைக் காப்பாற்ற அதன் வயது மட்டும் போதவில்லை. 'இது எங்களுடையது' என்று துணிந்து சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

2010இல் பிரதமர்கள் நஜிப்பும் மன்மோகன் சிங்கும் வந்து பிரிக்பீல்ட்ஸை 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்தார்கள். 2015இல் மோடி வந்தபோது தோரண வாயில் திறக்கப்பட்டது. சாஞ்சி ஸ்தூபியின் பாணியில் அமைந்த அழகான வாயில். பூக்கடையும் புடவைக்கடையும் வண்ண வளைவுகளும் சேர்ந்து சுற்றுலாப் பயணிக்கு நல்ல காட்சி. ஆனால் பிரிக்பீல்ட்ஸுக்குத் தன்னுடைய சொந்தக் கதை ஒன்று உண்டு. அது செங்கல் சூளையின் கதை, தண்டவாளத்தின் கதை, துன் சம்பந்தனின் பெயர் சூட்டப்படுவதற்கு முன் பிரிக்பீல்ட்ஸ் சாலையாக இருந்த தெருவின் கதை. சாஞ்சிக்கும் அதற்கும் தொடர்பு கொஞ்சம்தான்.

பூடு சிறையின் வாசல்

அடுத்த இடம் புக்கிட் பிந்தாங் பக்கம். பளபளவென்று நிற்கும் பேரங்காடிக்கு அருகில் பழைய கல் வாசல் ஒன்று தனியாக நிற்கும். அது பூடு சிறையின் வாசல். 1895இல் கட்டி முடிக்கப்பட்டு, நூறாண்டு கழித்து 1996இல் மூடப்பட்ட சிறை. மூடிய பிறகு சிறிது காலம் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்க அனுமதித்தார்கள். கைதி ஒருவர் வெளிச்சுவரில் தீட்டிய நீண்ட இயற்கைக் காட்சி ஓவியத்தைப் பழைய கோலாலம்பூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2010 ஜூன் மாதம் ஓர் இரவில் அந்தச் சுவரை இடிக்கத் தொடங்கினார்கள். சிறையை மரபுடைமையாகக் காக்கலாமே என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் வந்தபோது, பெருமைப்படத் தக்க இடம் அல்ல அது என்ற வகையில் அரசுத் தரப்பில் பதில் சொல்லப்பட்டது.

இந்த வாசலுக்குள்தான் 1949 மே 4ஆம் தேதி எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் அவர். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட அந்த நாட்களிலேயே சம்மேளனம் தடை செய்யப்பட்டது. மறு ஆண்டு, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனையைக் குறைக்கும்படி இந்திய அரசு கேட்டும் பிரிட்டிஷார் இணங்கவில்லை. அவருடைய அரசியலை ஏற்பவர் இருக்கலாம், ஏற்காதவரும் இருக்கலாம். ஆனால் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களைச் சங்கத்தில் சேர்த்த தலைவர் ஒருவர் இந்த இடத்தில்தான் முடிந்துபோனார் என்பது வரலாறு. பேரங்காடிக்கு வருகிறவர்கள் அந்த வாசல் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல பின்னணி.

ஜப்பானியர் காலத்தில் இதே சிறையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1942இல் அவர்களில் பலர் சயாம் ரயில்பாதைக்கு அனுப்பப்பட்டார்கள். பின்னால் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் போன அதே பாதை. ஒரு சுவருக்குள் இத்தனை கதை அடுக்கடுக்காக இருந்தது.

பெருமைப்பட முடியாத இடத்தை என்ன செய்வது என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. உக்ரைனின் லிவீவ் நகரில் லொன்ஸ்கி தெருச் சிறை என்று ஒன்று உண்டு. போலந்து ஆட்சி, சோவியத் ஆட்சி, நாஜி ஆட்சி என்று அடுத்தடுத்து வந்த அரசுகள் தங்கள் எதிரிகளை அதே கட்டடத்தில்தான் அடைத்தன. 1941 ஜூனில் ஜெர்மானியப் படை நெருங்கியபோது, பின்வாங்கிய சோவியத் இரகசியப் போலீஸ் அங்கிருந்த கைதிகளைக் கூட்டமாகச் சுட்டுக் கொன்றது. 2009இலிருந்து அது நினைவு அரும்பொருளகம். அறைகளை அப்படியே விட்டுவைத்து மக்களை உள்ளே விடுகிறார்கள். அதிலும் சர்ச்சை உண்டு. அதே நாட்களில் அந்த நகரில் யூதர்கள் மேல் நடந்த படுகொலையை அந்த அரும்பொருளகம் போதிய அளவு பேசவில்லை என்று வரலாற்றாய்வாளர்கள் விமர்சித்திருக்கிறார்கள். கட்டடத்தைக் காப்பாற்றினால் மட்டும் உண்மை முழுதாக வந்துவிடாது. ஆனால் கட்டடம் நிற்பதால்தானே அந்தச் சண்டையே நடக்கிறது. பூடுவில் நாம் சண்டை போடவும் ஒன்றும் மிச்சமில்லை.

கிள்ளான்: சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

இனி கிள்ளானுக்குப் போவோம். அங்கே பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எல்லோருக்கும் தெரியும். 1850களில் கட்டப்பட்ட ராஜா அப்துல்லா கிடங்கு, சுந்தரராஜப் பெருமாள் கோயில், தெங்கு கிளானா சாலை, சுல்தான் அப்துல் அஸிஸ் அரச காட்சியகம். காட்சியகம் 2007இல் திறக்கப்பட்டாலும் அந்த வெள்ளைக் கட்டடம் 1909இல் ஹப்பாக் வடிவமைத்தது. அரச குடும்பத்தின் ஆடைகளும் ஆயுதங்களும் பதக்கங்களும் அங்கே ஒழுங்காக வைக்கப்பட்டுள்ளன. ஆனால் தொடக்கத்தில் அது பிரிட்டிஷாரின் நிர்வாக அலுவலகம். சுற்றியிருந்த தோட்டங்களை ஆண்ட அதிகாரத்தின் கட்டடம்.

அந்தத் தோட்டங்கள்தான் 1941இல் கொதித்தன. 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் தொழிலாளர்களை ஒன்று திரட்டினார்கள். கோரிக்கைகளை இன்று வாசித்தால் அந்தக் காலம் கண்முன் வரும். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. கள்ளுக்கடையை மூடு. பிள்ளைகளுக்குப் படிப்பு, நோயாளிக்கு மருத்துவம். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து. உறவினர் எங்களைப் பார்க்கத் தோட்டத்துக்குள் வரட்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் நேரம் பேச்சு வராது. கூலி கேட்பது வயிற்றுக்கு. "தொர வந்தா நான் ஏன் சைக்கிள வுட்டு எறங்கணும்?" என்று கேட்பது வேறு இடத்திலிருந்து வருகிறது. தோட்டத் தமிழர்களை வாயில்லாப் பூச்சிகள் என்றும், கள்ளுக்கு அடிமைகள் என்றும் சொல்லிப் பழகிய நம்மவர்களே பலர். கள்ளுக்கடையை மூடச் சொல்லி முதலில் தெருவுக்கு வந்தவர்களும் அவர்கள்தான் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

1941 மே 5ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. மே 16இல் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் இறக்கப்பட்டது. அனுப்பப்பட்டவர்களும் இந்தியச் சிப்பாய்கள்தான். ஐந்து தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ஐவருக்கு கிள்ளானில் ஒரு கல்லோ பலகையோ என் கண்ணில் பட்டதில்லை. 'தமிழ் நேசன்' 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோனது. அது இருந்தவரை அந்தப் பெயராவது நாதனை நினைவூட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தோட்டங்கள் எங்கே என்று தேடினால் ஊர்கள்தான் கிடைக்கும். பெட்டாலிங் ஜெயா எஃபிங்ஹாம் தோட்டத்தின் மேல் எழுந்தது. ஷா ஆலம் சுங்கை ரெங்கம் தோட்டத்தின் மேல். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய அரங்கம் புக்கிட் ஜாலில் தோட்டத்தின் மேல். அங்கிருந்த கடைசிக் குடும்பங்கள் வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2007 அக்டோபர் இறுதியில், தீபாவளி நெருங்கும் நேரத்தில், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. அதற்கடுத்த மாதம் 25ஆம் தேதி கோலாலம்பூர் தெருக்களில் திரண்ட கூட்டத்தின் கோபத்தில் அந்தக் கோயிலும் இருந்தது. பட்டா இல்லாத கோயில் என்பது சட்டத்தின் மொழி. ஒரு சமூகம் தன் நினைவை வைத்திருந்த பெட்டி அது என்பது அங்கே கும்பிட்டவர்களின் மொழி.

புதைக்கப்பட்டவர்களுக்குக் கல்லறை எங்கே

1942 ஜனவரியில் கோலாலம்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. பின்னர், சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் மற்ற மாநிலங்களிலிருந்தும் தமிழர்களை சரக்கு ரயில்களில் ஏற்றி சயாமுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதை. மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 பேர் போனார்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் பெரும்பான்மையோர் தமிழர். பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தார்கள். எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கு கிடையாது.

காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு, வயது உண்டு, படைப்பிரிவு உண்டு. தமிழனுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. இதில் ஒரு கொடுமையான வேடிக்கையும் உண்டு. 1944இல் ஜப்பானிய இராணுவமே அங்கே ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. செத்தவர்களுக்கு அஞ்சலி சொல்லும் அதன் வாசகம் தமிழிலும் இருக்கிறது. நம் மொழியில் நமக்கு முதல் அஞ்சலி எழுதியது நம்மைச் சாகக் கொடுத்தவர்கள்.

கல் இல்லாத இடத்தில் நம் எழுத்தாளர்கள் கொஞ்சம் வேலை செய்திருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும், அ. ரெங்கசாமியின் நாவலும் இந்தப் பாதையைப் பேசுபவை. ரெங்கசாமி தன் நாவலுக்கு வைத்த பெயரே 'நினைவுச் சின்னம்'. யாரும் எழுப்பாததை ஒரு மனிதர் காகிதத்தில் எழுப்பிவிட்டுப் போனார் என்றுதான் அதைப் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் நாவலை வாசிக்கிறவன் தேடிப் போய் வாசிக்க வேண்டும். தெருவோரம் நிற்கும் ஒரு பலகை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் கண்ணிலும் படும். இரண்டும் வேண்டும்.

நம் கையில் இருப்பது

பெரிய அரும்பொருளகம் வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழும், மேடையில் கைதட்டு வாங்கும், அடங்கும். அது வரட்டும், வேண்டாம் என்பதில்லை. அதற்குள் நடந்துவிட வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 1941இல் பத்து வயதாக இருந்த பிள்ளை இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது. சயாமிலிருந்து திரும்பி வந்த அப்பாவின் காலில் இருந்த புண்ணைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போகும்போது வெட்டுக்கத்தியும் சம்பளச் சீட்டும் 'ரஜூலா' கப்பலில் வந்த தகரப் பெட்டியும் பழைய இரும்புக்காரரிடம் போகின்றன. மதராஸ், நாகப்பட்டினத்திலிருந்து போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு ஆட்களைக் கொண்டுவந்த அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. அதில் வந்து இறங்கியவர்கள் இன்னும் நம் தாமான்களில் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் ஓர் அலமாரி போதும். ஒவ்வொரு கோயில் மண்டபத்திலும் ஒரு சுவர் போதும். இந்தக் கோயில் எந்தத் தோட்டத்தில் இருந்தது, எந்த ஆண்டு இங்கே மாற்றப்பட்டது, முதலில் சூலம் நட்டது யார் என்று எழுதி வைப்பதற்கு மானியமும் வேண்டாம், மந்திரியும் வேண்டாம். கும்பாபிஷேக மலரில் தலைவர்களின் வாழ்த்துச் செய்திக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியைத் தோட்டத்து முதியவர்களின் பேச்சுக்கு ஒதுக்கினாலே ஒரு தலைமுறையின் ஆவணம் சேர்ந்துவிடும். பூடு வாசலில் கணபதியின் பெயரையும், கிள்ளானில் அந்த ஐவரின் நினைவையும் ஒரு பலகையில் எழுதச் சொல்லி ஊராட்சி மன்றத்துக்கு விண்ணப்பிக்கச் சங்கம் வேண்டும். சங்கங்களுக்கு நம்மிடம் எந்நாளும் குறைவில்லை.

அதுவரை, அடுத்த முறை கிள்ளான் அரச காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, வெளியே வந்து சாலையோரம் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இந்தச் சாலையில் சைக்கிளில் போன ஒரு தமிழன், எதிரே துரை வந்தபோது இறங்க மாட்டேன் என்று சொன்ன கதையை அவர்களிடம் சொல்லுங்கள். ஏன் இறங்கணும்னு அவங்களே கேப்பாங்க.